ஓட்டை போடும் முன்: கொல்லிமலை வீடுகளும் எல்இடி டவுன்லைட்டும்

கொல்லிமலையில் ஒரு வீட்டு ஹாலில் பதித்த எட்டு டவுன்லைட்டுகளில் ஒன்று அணைந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அளவு, அதே நிறம், அதே கம்பெனி விளக்கு செம்மேட்டுக் கடைவீதியில் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் சோளக்காடு தாண்டிக் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேந்தமங்கலத்திலோ நாமக்கல்லிலோ தேட வேண்டும். அங்கேயும் “அந்த மாடல் இப்ப வர்றதில்லைங்க” என்ற பதில் வரலாம். வேறு மாடலை வாங்கி வந்தால், அதன் விட்டம் கால் அங்குலம் கூடினாலும் சீலிங்கை மறுபடி அறுக்க வேண்டும். குறைந்தால் பழைய ஓட்டையின் விளிம்பு வெளியே பல்லிளிக்கும். சமவெளியில் அரைமணி நேர எரிச்சலோடு முடிகிற விஷயம், மலையில் ஒரு நாள் கூலியையும் பெட்ரோலையும் தின்றுவிடுகிறது.

மலையில் கட்டட வேலை ஓயவில்லை. மண்சுவரும் புல்வேய்ந்த கூரையுமாக இருந்த மலையாளி பழங்குடி மக்களின் வீடுகள் ஓட்டுக்கும் தகரத்துக்கும் மாறி, இப்போது கான்கிரீட்டுக்கு வந்திருக்கின்றன. அரப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் வருகிற கூட்டத்தை நம்பித் தங்கும் விடுதிகளும் ஹோம்ஸ்டேக்களும் எழுகின்றன. புது வீட்டுக்கும் சரி, புதுப்பிக்கும் வீட்டுக்கும் சரி, மேலே என்ன விளக்கு என்று கேட்டால் வருகிற பதில் ஒன்றுதான்: ஃபால்ஸ் சீலிங், அதில் வரிசையாக எல்இடி. பதிலில் தப்பில்லை. ஆனால் வாட்டையும் விலையையும் பேசத் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு விஷயங்கள் முடிவாக வேண்டும். இந்தக் கூரையில் ஓட்டை போடலாமா? போட்டால், பத்து வருடம் கழித்து அதே ஓட்டையில் வேறொரு விளக்கு உட்காருமா?

விளக்கு மலிந்ததால்தான் இந்தக் கேள்விகள் பின்னுக்குப் போயின. நீல எல்இடியைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கியது. அரசு கொள்முதல் செய்த எல்இடி பல்பின் விலை 2014-ல் 310 ரூபாயாக இருந்தது, 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. அந்தத் திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கு மேற்பட்ட பல்புகள் வீடுகளுக்குப் போயின. ஒரு குண்டு பல்பு தொங்கிய அறையில் எட்டு விளக்கு பதிக்கிற தைரியம் அந்த விலைச் சரிவிலிருந்து வந்தது.

முதலில் கூரை. புதிதாகத் தளம் போடுகிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம். சென்ட்ரிங் பலகை அடித்துக் கம்பி கட்டும்போதே, விளக்கு வர வேண்டிய இடங்களில் பிளாஸ்டிக் கன்சீல்டு பெட்டிகளை வைத்துப் பைப்பால் இணைத்துவிட்டால், ஃபால்ஸ் சீலிங் இல்லாமலே விளக்கைத் தளத்துக்குள் பதிக்கலாம். அறையின் உயரம் குறையாது. ஆனால் தளத்தின் கனமே பொதுவாக 5 அங்குலம்தான். அதில் பாதியை ஒரு பெட்டி எடுத்துக்கொள்கிறது. பெட்டிக்கு இடம் வேண்டும் என்று கம்பியை வெட்டக் கூடாது. எத்தனை பெட்டி, எங்கே என்பதைக் கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். எலக்ட்ரீஷியனும் கம்பி கட்டுகிறவரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்கிற விஷயமாக அது ஆகிவிடக் கூடாது.

இன்னொன்று மழை. மொட்டை மாடியில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் தண்ணீர் தளத்துக்குள் புதைந்த பைப்பைத் தேடிப் பிடித்து, அதன் வழியாகவே ஓடி, தாழ்ந்த இடத்தில் இருக்கும் பெட்டியில் வந்து சேரும். விளக்கின் வளையத்தில் ஒரு சொட்டு திரண்டு நிற்பதைப் பார்த்து விளக்கைக் கழற்றினால், பெட்டிக்குள் ஒயர் முனை பச்சை பூத்திருக்கும். மழையும் மஞ்சும் மாறி மாறி வருகிற மலையில், மாடிக்குத் தட்டோடு பதித்தோ நீர்க்கசிவுத் தடுப்பு பூசியோ முடிக்கும் வரை பதிக்கிற விளக்கை வாங்காமல் இருப்பது மேல்.

ஏற்கெனவே போட்ட தளத்தைக் கொத்தி விளக்கு பதிக்கிற வேலையை யார் சொன்னாலும் செய்யக் கூடாது. அங்கே இரண்டு வழிதான்: ஃபால்ஸ் சீலிங், அல்லது தளத்தின் மேற்பரப்பிலேயே திருகி மாட்டுகிற சர்ஃபேஸ் லைட். பழைய வீடுகளில் உயரம் குறைவு. ஃபால்ஸ் சீலிங் அரையடி இறங்கினாலே தலைக்கு மேல் பாரம் வைத்தது போல் இருக்கும். சர்ஃபேஸ் லைட்டை மட்டமானதாக நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓட்டை கேட்பதில்லை. கெட்டால் எந்த அளவு விளக்கையும் அதே இடத்தில் திருகிக்கொள்ளலாம். செம்மேட்டிலேயே கிடைக்கும் எதுவும் போதும்.

ஓட்டு வீட்டிலும் தகரக் கூரை வீட்டிலும் கதை வேறு. ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே உண்டாகிற இருட்டு, கதகதப்பான பொந்து எலிக்குப் பிடித்த இடம். அங்கே போகிற ஒயரை அது கடித்து வைக்கும். மஞ்சும் ஒழுகலும் சேர்ந்தால் ஜிப்சம் பலகை ஊறித் தொய்யும். அதற்குப் பதில் சிமென்ட் பலகையோ பிவிசியோ போட்டு, ஒயர் முழுவதையும் பைப்புக்குள் விட வேண்டும். மரப் பரணும் காய்ந்த புல்லும் இருக்கிற வீட்டில் பதிக்கிற விளக்கே வேண்டாம். ஆஸ்திரேலியா இதைப் பெரிய செலவில் கற்றுக்கொண்டது. 2009-ல் அந்த நாட்டு அரசு வீட்டுக் கூரைகளுக்குள் வெப்பத்தடுப்புப் பஞ்சு நிரப்பும் திட்டத்தை அவசரமாகத் தொடங்கியது. சீலிங்கில் பதித்திருந்த ஹாலஜன் டவுன்லைட்டுகளைப் பஞ்சு மூடிக்கொண்டதால் பல வீடுகளில் தீப்பிடித்தது. ஓர் ஆண்டில் திட்டம் நிறுத்தப்பட்டது, 2014-ல் அரச விசாரணை ஆணையமே நடந்தது. எல்இடி ஹாலஜன் அளவுக்குக் கொதிப்பதில்லை. என்றாலும் அதன் பின்புறம் காற்றுப் பட வேண்டும், சருகோ வைக்கோலோ மேலே சேரக் கூடாது. அழகான நாட்டு ஓட்டுக் கூரை உள்ள வீட்டுக்காரர், அதை மறைத்துப் பலகை அடிப்பதற்குப் பதில், சுவரில் மேல்நோக்கி வெளிச்சம் விழும் விளக்கு இரண்டு மாட்டினால் கூரையும் பிழைக்கும், அறையும் நிறையும்.

கூரை முடிவானபின் விளக்கைக் கையில் எடுக்கலாம். அட்டைப்பெட்டியில் 25,000 மணி என்றும் 50,000 மணி என்றும் போட்டிருக்கும். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் எரித்தால் 25,000 மணி என்பது 13 வருடத்துக்கு மேல். ஆனால் அது எல்இடி சில்லின் ஆயுள். பொதுவாக அதன் வெளிச்சம் முதலில் இருந்ததில் 70 சதவீதமாகக் குறையும் வரைக்கான கணக்கு. வீட்டில் முதலில் சாவது சில்லு இல்லை. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தைச் சில்லுக்கு ஏற்ற நேர்மின்னோட்டமாக்கும் டிரைவர்தான் முதலில் போகும். அதற்குள் இருக்கும் சின்ன உருளை, எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், வெப்பத்துக்கு ஆகாது. 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் புழங்கும் கணக்கு. இந்த ஒரு விஷயத்தில் கொல்லிமலைக்கு வரம் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே இருப்பதால் நாமக்கல்லைவிட ஐந்தாறு டிகிரி குளிர்ச்சி. அதே டிரைவர் மலையில் கூடுதல் காலம் உழைக்கும், இடியும் ஈரமும் விட்டால்.

ஆகவே கடையில் விளக்கைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டும். ஒருவகை விளக்கில் இரண்டு ஒயர் வெளியே வந்து, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் பெட்டி ஒன்றில் சொருகியிருக்கும். அதுதான் டிரைவர். அதன் மேல் 300 மில்லி ஆம்பியர், 18 முதல் 36 வோல்ட் என்பதுபோல் அச்சடித்திருக்கும். அது போனால் அதே மில்லி ஆம்பியரும் அதற்குப் பொருந்துகிற வோல்ட்டும் உள்ள வேறு எந்தக் கம்பெனி டிரைவரையும் சொருகிக்கொள்ளலாம். விளக்கு சீலிங்கிலேயே இருக்கும், ஓட்டைக்கு வேலையில்லை. இன்னொரு வகையில் பெட்டியே கிடையாது. மூடியைக் கழற்றினால் வெள்ளைச் சாயம் பூசிய மெல்லிய தகட்டில் மஞ்சள் புள்ளிகளாகச் சில்லுகளும், அவற்றுக்கு நடுவிலேயே இரண்டு மூன்று கறுப்புப் பொருட்களும் தெரியும். கடைக்காரர்கள் டிஓபி என்பார்கள், டிரைவர் பலகையிலேயே இருக்கிறது என்று பொருள். விலை குறைவு, எடை குறைவு. மின்சாரம் ஒருமுறை எகிறினால் மொத்தமும் குப்பை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 செப்டம்பரிலிருந்து, விளக்குக்குள் இருக்கும் ஒளிமூலத்தையும் டிரைவரையும் சாதாரணக் கருவிகளால் கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று விதி கொண்டுவந்திருக்கிறது; முடியாதென்றால் தயாரிப்பாளர் தக்க காரணம் காட்ட வேண்டும். இங்கே அந்த விதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. வாங்குகிறவர் கேட்டாலே கடையில் எடுத்துக் காட்டுவார்கள்.

மெல்லிய பேனல் விளக்குகளில் சில்லுகள் விளிம்பில் இருக்கும். வெளிச்சம் ஒரு பிளாஸ்டிக் தகடு வழியாகப் பரவிக் கீழே விழும். அந்தத் தகடு மலிவான பாலிஸ்டைரீனாக இருந்தால் சில வருடத்தில் மஞ்சளடித்துவிடும். பின்னாலிருந்து ஒளிரும் வகை சற்றுத் தடிமன், ஆனால் நின்று உழைக்கும்.

எத்தனை விளக்கு என்பதில்தான் வீடுகள் ஏமாறுகின்றன. சாதாரண வாசிப்புக்கு 150 லக்ஸ், பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க 300, சமையலறைக்கு 200, குளியலறைக்கு 100 என்பது இந்தியக் கட்டடத் தரநிர்ணயங்கள் காட்டும் அளவு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்பது சுமார் 11 சதுர மீட்டர். 150 லக்ஸ் வேண்டுமென்றால், சுவரும் தரையும் தூசியும் பாதியை விழுங்கிவிடும் என்று வைத்துக்கொண்டாலும் 3,300 லூமன் போதும். வாட்டுக்கு 90 லூமன் தரும் 9 வாட் விளக்கு நான்கு, அவ்வளவுதான். அந்த அறையிலேயே 12 வாட்டில் எட்டு பதித்தால், படிக்க வேண்டிய மேசையிலும் தூங்க வேண்டிய பாயிலும் ஒரே வெள்ளம். வீடு முழுக்க 24 விளக்கு, 12 வாட் வீதம், தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதி கூரையிலேயே கரைந்துவிடும். 9 வாட்டில் 12 விளக்கென்றால் 32 யூனிட்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவை எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து எழுதப்பட்டவை. கொல்லிமலை வீட்டில் பாட்டி தரையில் பாய் விரித்துச் சாய்கிறார், பிள்ளைகள் மல்லாந்து படுத்துக்கொண்டு பாடம் படிக்கிறார்கள், கைக்குழந்தை நாள் முழுக்க மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறது. பதித்த விளக்கு நேராகக் கண்ணில் இறங்குவது இவர்களுக்குத்தான். கண்புரை தொடங்கிய வயதில் அந்தக் கூச்சம் வலியாகவே மாறும். இதற்குத் தீர்வு, சில்லு உள்ளே ஆழமாக இருக்கும் டீப் டவுன்லைட்டை எடுத்து, அறையின் நடுவில் கட்டம் கட்டாமல் சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டடி தள்ளிப் பதிப்பது. வெளிச்சம் சுவரில் பட்டு வழிந்து அறைக்குள் வரும். படுக்கும் இடத்துக்கு நேர்மேலே ஓட்டையே வேண்டாம்.

சமையலறையில் தவறு எப்போதும் ஒரே மாதிரி நடக்கிறது: விளக்கு அறையின் நடுவில், மேடை சுவரோரம். நிற்கிறவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்து, அரிவாள்மணை மேலும் காய் மேலும் அவர் நிழலே விழுகிறது. மேடையின் முன்விளிம்புக்கு நேர்மேலே விளக்கு வர வேண்டும். மேலே லாஃப்ட் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் அடியில் ஒரு பட்டை விளக்கு.

மின்விசிறி இருக்கும் அறையில், இறக்கை சுற்றும் வட்டத்துக்கு மேலே விளக்கு வந்தால் அறை முழுக்க வெளிச்சம் வெட்டி வெட்டித் துடிக்கும். 48 அங்குல விசிறிக்கு நடுவிலிருந்து குறைந்தது இரண்டரை அடி விலகியே ஓட்டை போட வேண்டும். மலையில் விசிறி எதற்கு என்று நினைக்கிற வீடும், ஹோம்ஸ்டே ஆனதும் விருந்தாளிக்காக ஒன்றை மாட்டும். அதற்கான இடத்தை இப்போதே ஒதுக்கிவைக்கலாம்.

ஒளி விரியும் கோணத்தையும் கேட்டு வாங்க வேண்டும். பத்தடி உயரத்திலிருந்து இரண்டரை அடி மேசையில் விழும்போது 24 டிகிரி விளக்கு மூன்றடி வட்டம்தான் போடும், 36 டிகிரி ஐந்தடி, 60 டிகிரி எட்டடிக்கு மேல். குறுகிய கோணம் சாமி படத்துக்கு அழகு. அதையே ஹால் முழுக்கப் போட்டால் தரையில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் சிதறிக் கிடக்கும்.

நிறத்துக்கு வருவோம். டியூப்லைட் பழக்கத்தால், பால்வெள்ளைதான் பிரகாசம் என்ற எண்ணம் தமிழ்நாடு முழுக்க ஊறியிருக்கிறது. 6500 கெல்வின் என்று போட்ட கூல் டேலைட்டுக்குத்தான் கை முதலில் போகும். 1941-ல் நெதர்லாந்து இயற்பியலாளர் க்ருயிதாஃப், வெளிச்சம் மிதமாக இருக்கும்போது மனிதக் கண் மஞ்சள் சாய்ந்த ஒளியையே இதமாக உணர்கிறது என்று எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் மார்கழி இரவில் கதவிடுக்கில் மஞ்சு நுழைகிற வீட்டில் 6500 கெல்வின் விளக்கைப் போட்டுப் பார்த்தால் அறை மேலும் குளிர்ந்ததுபோல் தோன்றும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் மஞ்சள் சாய்ந்த 3000 கெல்வின், சமையலறைக்கும் படிக்கும் இடத்துக்கும் 4000 என்பது இந்த மலைக்கு நல்ல பிரிவினை. சுவிட்சை அணைத்துப் போடப் போட ஒரே விளக்கில் மூன்று நிறம் மாறும் த்ரீ இன் ஒன் பேனல்கள் கவர்ச்சியானவை. சுவிட்சை வேகமாகப் போட்டு அணைத்தால் நாலில் ஒன்று தாளம் தப்பி வேறு நிறத்தில் நிற்கும் தொல்லை அவற்றில் உண்டு.

நிறம் எப்படி இருக்கிறது என்பதைவிட, அந்த வெளிச்சத்தில் பொருளின் நிறம் எப்படித் தெரிகிறது என்பது இங்கே முக்கியம். கொல்லிமலை மிளகும் காபியும் விளைகிற ஊர். மிளகுக் கொத்தில் ஓரிரு மணி சிவந்ததும் பறிக்கிறார்கள். பறித்துவந்த காபிப் பழத்தை இருட்டிய பிறகு வீட்டுக்குள் கொட்டி, நன்றாகப் பழுத்ததையும் அரைப்பழத்தையும் பிரிக்கும்போது சிவப்பின் சாயல்கள்தான் கணக்கு. மலிவான விளக்கின் கீழே முழுப்பழமும் அரைப்பழமும் ஒரே மங்கிய பழுப்பாகத் தெரியும். முறத்தில் சாமை அரிசியைப் பரப்பினால் கல் எது, அரிசி எது என்று விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். பெட்டியில் சிஆர்ஐ 80 என்று போட்டிருப்பது எட்டு மென்நிறங்களின் சராசரி மட்டுமே. அடர்சிவப்பைச் சொல்லும் ஆர்9 என்ற எண் அந்தச் சராசரியில் சேர்வதே இல்லை. சிஆர்ஐ 90 என்று போட்டு, ஆர்9 மதிப்பையும் தருகிற விளக்கு விலை கூடுதல்தான். வீடு முழுக்க வேண்டாம். பழம் பிரிக்கிற, சமைக்கிற, துணி தைக்கிற இடத்துக்கு மட்டும் வாங்கினால் கட்டுப்படியாகும்.

கண்ணுக்குத் தெரியாமல் விளக்கு துடிப்பதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கைப்பேசி கேமராவை ஸ்லோமோஷனில் வைத்து எரியும் விளக்கைப் பார்த்தால், மட்டமான டிரைவர் உள்ள விளக்கு விட்டு விட்டு எரிவதோ, திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதோ தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. சிலருக்கு வருகிற தலைவலிக்குக் காரணம் அங்கே இருக்கலாம்.

இனி இடி. கோடை மழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் மலையில் முழங்கிக்கொண்டுதான் வரும். மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்து, மின்சாரம் போய்த் திரும்புகிற கணத்தில் வோல்டேஜ் எகிறும். விளக்கு தாங்கும் திடீர் மின்னழுத்தத்தைக் கிலோவோல்ட்டில் சொல்வார்கள், 2.5-க்குக் குறைந்தது வேண்டாம், 4 கிடைத்தால் நல்லது. அதோடு நிற்காமல் மெயின் டிபி பெட்டியில், எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் எஸ்பிடி ஒன்றும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட வேண்டும். எர்த் சரியாக இல்லாவிட்டால் எஸ்பிடி வெறும் அலங்காரம். பாறை நிலத்தில் எர்த் குழி லேசில் அமையாது. கம்பியை அடித்துவிட்டுப் போகாமல், கருவியால் எர்த் அளவு பார்த்துச் சொல்கிற எலக்ட்ரீஷியனுக்குக் கூலி கூடக் கொடுக்கலாம். விளக்கில் மிச்சம் பிடித்த பணத்தைப் போட இதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது.

தூசியையும் நீரையும் விளக்கு எந்த அளவு தடுக்கும் என்பதைச் சொல்வது ஐபி எண். குளியலறைக்கு ஐபி44, மழைச்சாரல் அடிக்கும் திண்ணைக்கும் சிட்டவுட்டுக்கும் ஐபி65. அந்த எண் பல விளக்குகளில் முன்முகத்துக்கு மட்டும்தான் பொருந்தும். பின்பக்கம் திறந்தே இருக்கும், மஞ்சு அந்த வழியாக நுழையும்.

வெளிப்பக்க விளக்குக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நீலம் மிகுந்த வெள்ளை ஒளிக்குப் பூச்சிகள் அதிகம் வரும். காடு சூழ்ந்த வீட்டில் 6500 கெல்வின் போட்டால் காலையில் திண்ணை முழுக்க விட்டில் இறகு. 2700 அல்லது 3000 கெல்வினில், கீழ்நோக்கி மட்டும் விழுகிற விளக்கு ஒன்றே போதும். இதே கிழக்குத் தொடர்ச்சி மலையில், இதே மலையாளி மக்கள் வாழும் ஜவ்வாது மலையின் காவலூரில், இருண்ட வானத்துக்காகவே இடம் தேர்ந்து வானாய்வகம் அமைத்தார்கள். 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது. கொல்லிமலைக்கு வருகிறவர்களில் பலர் ஊரில் பார்க்க முடியாத நட்சத்திரங்களைப் பார்க்கவும் வருகிறார்கள். அந்த வானத்தை ஹோம்ஸ்டேயின் மதில் விளக்கே வெளுக்கடிப்பது பெரிய இழப்பு.

கடையில் கடைசியாகப் பார்க்க வேண்டியது முத்திரை. பதிக்கும் எல்இடி விளக்குகள் ஐஎஸ் 10322 தரத்துக்கு உட்பட்டவை. ஆர் என்று தொடங்கும் பதிவு எண் விளக்கிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும். இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால், எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கு வாங்கியது என்று அங்கேயே தெரிந்துவிடும். ஓட்டை அளவு எல்லாக் கம்பெனியிலும் சாதாரணமாகப் புழங்கும் அளவாக இருக்கட்டும். ஒரே கம்பெனி மட்டும் செய்கிற விசித்திர வடிவத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், கடையிலேயே வைத்துவிட்டு வரலாம்.

வாங்கும்போதே இரண்டு விளக்கும் இரண்டு டிரைவரும் சேர்த்து வாங்கி, பில்லோடு ஒரு டப்பாவில் போட்டு ஈரம் படாத அலமாரியில் வைக்க வேண்டும். வேலை முடித்து எலக்ட்ரீஷியன் கிளம்பும் முன், வெட்டிய ஓட்டையின் விட்டம், டிரைவரின் மில்லி ஆம்பியர், வோல்ட், விளக்கின் கெல்வின், பதித்த மாதம், வருடம் எல்லாவற்றையும் டிபி பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.